குற்றாலத்தில் குளித்த பிறகு காது அடைப்பு: குறும்பியா, வேறு ஏதாவதா?

ஜூலை 6, காலை 9.10 (கேள்வி)

அண்ணாச்சி, செங்கோட்டையில இருந்து எழுதுறேன். அப்பாவுக்கு 64 வயசு. நேத்து எண்ணெய் தேய்ச்சு ஐந்தருவியில குளிச்சிட்டு வந்ததுல இருந்து வலது காது கப்புனு அடைச்சிருக்கு. வலி இல்ல. பேசினா தன் குரலே உள்ளுக்குள்ள முழங்குதுங்கிறாங்க. பட்ஸ் விட்டுப் பாத்தாங்க, அடைப்பு கூடிப்போச்சு. அம்மா நல்லெண்ணெயில பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி விடலாம்ங்கிறாங்க. மெடிக்கல்ல ஒரு சொட்டு மருந்து குடுத்திருக்காங்க. எதைச் செய்ய?

ஜூலை 6, 9.35 (பதில்)

பட்ஸைத் தூரப் போடுங்கள். பூண்டு எண்ணெய் வேண்டாம். மருந்துக் குப்பியை இன்னும் திறக்க வேண்டாம்.

மூன்று விஷயம் தெரிய வேண்டும் தம்பி. அப்பாவுக்குச் சுகர் இருக்கிறதா? அந்தக் காதில் முன்பு எப்போதாவது சீழ் வடிந்ததா, ஆபரேஷன் நடந்ததா? இடது காது நன்றாகக் கேட்கிறதா?

ஜூலை 6, 9.50

பதில் எழுதுவதற்குள் ஒரு சோதனை செய்துவிடலாம். அப்பாவை வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று கொஞ்ச நேரம் இழுத்து முனகச் சொல்லுங்கள். சத்தம் எந்தக் காதில் ஓங்கிக் கேட்கிறது என்று கேளுங்கள்.

அடைத்த காதிலேயே ஓங்கிக் கேட்டால் சத்தம் போகிற வழியில்தான் தடை. குறும்பி (காது அழுக்கு), தேங்கிய தண்ணீர், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்தது, இவற்றில் ஒன்றாக இருக்கும். நல்ல காதில் ஓங்கிக் கேட்டால் உள்காது நரம்பைச் சந்தேகப்பட வேண்டும். ஒரு பக்கக் காது திடீரென்று மந்தமாவதில் இப்படி ஒரு வகை உண்டு. அதற்கு ஸ்டீராய்டு மருந்தைச் சீக்கிரம் ஆரம்பித்தால்தான் கேட்கும் திறனைத் திரும்பப் பெறும் வாய்ப்பு அதிகம். இரண்டு வாரம் தாண்டினால் அந்த வாய்ப்பு மெலிந்துவிடும். 'குறும்பிதான், தானாகச் சரியாகும்' என்று சொட்டு விட்டுக்கொண்டே நாளைக் கடத்தி இதைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. அதனால்தான் மருந்துக்கு முன்னால் இந்த முனகல் சோதனை.

காது டாக்டர்கள் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்துப் பார்க்கும் வெபர் சோதனையின் அடிப்படையும் இதுதான். வீட்டு முனகல் அந்த அளவுக்குத் துல்லியமில்லை. ஆனாலும் எதை அவசரமாக எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்ய உதவும்.

ஜூலை 6, 11.15 (கேட்டவர்)

முனகிப் பாத்தாச்சு. வலது காதிலதான் சத்தமா இருக்குன்னு சொல்றாங்க. சீழ் வடிஞ்சதா ஞாபகம் இல்ல. சுகர் இருக்கு, மாத்திரை சாப்பிடுறாங்க. அருவித் தண்ணி உள்ள போயி தங்கிருச்சோ?

ஜூலை 6, 12.05

தண்ணீர் மட்டும் என்றால் தலையைச் சாய்த்துக் காது மடலைப் பின்னால் இழுத்து அசைத்தாலே பெரும்பாலும் வடிந்துவிடும். ஒரு இரவு தாண்டியும் அடைத்திருந்தால் ஏற்கெனவே உள்ளே குறும்பி இருந்து, அது தண்ணீரைக் குடித்து ஊதியிருக்க வேண்டும்.

இது நடக்கும் விதம் தெரிந்தால் பாதிப் பயம் போகும். பெரியவர்களுக்குக் காதுக் குழாய் சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளம். வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு. அங்கேதான் முடியும் சுரப்பிகளும் உள்ளன. குறும்பி ஊறுவது அந்தப் பகுதியில் மட்டும். உள்பக்க மூன்றில் இரண்டு பங்கு எலும்பு. அதன்மேல் உள்ள தோல் மிக மெல்லியது, முடியோ சுரப்பியோ கிடையாது. அங்கே குறும்பி கிடக்கிறது என்றால் யாரோ தள்ளிவிட்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

குறும்பியில் பெரும்பங்கு உதிர்ந்த தோல்தான். அதோடு இரண்டு வகைச் சுரப்பிகளின் கசிவும், முடியும் தூசியும் சேர்கின்றன. செவிப்பறையிலிருந்து கிளம்பும் தோல் ஏறக்குறைய நகம் வளரும் வேகத்தில் வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கும். மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவது அதற்கு உதவும். மேலே உள்ள குறும்பி அப்படியே வாசலுக்கு வந்து உலர்ந்து உதிரும். லேசான அமிலத்தன்மை இருப்பதால் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அது அடக்கி வைக்கும். தோலுக்கு எண்ணெய்ப் பூச்சாகவும் இருக்கும். துடைத்துத் துடைத்துக் காதை மொட்டையாக்கினால் அரிப்பு வரும், அரித்தால் மறுபடி குடைவோம்.

குழாய் முக்கால்வாசி அடைந்திருந்தாலும், மேல் ஓரத்தில் ஒரு கீறல் இடைவெளி இருந்தால் காது கிட்டத்தட்ட இயல்பாகவே கேட்கும். அருவியில் நனைந்து கட்டி ஊதியதும் அந்தக் கடைசி இடைவெளி மூடிக்கொள்ளும். 'நேற்றுவரை நன்றாக இருந்தது' என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். சாரல் காலத்தில் தென்காசி, செங்கோட்டை, புளியரைப் பக்கம் இது சகஜம். குளத்திலும் ஆற்றிலும் முங்கிக் குளித்தாலும் இதே கதைதான்.

ஜூலை 6, 12.20

பூண்டு எண்ணெய் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. அம்மா கேட்பார்கள், காரணம் சொல்லுங்கள். காய்ச்சிய எண்ணெயின் சூடு விரலில் தெரிவதும் செவிப்பறையில் தெரிவதும் ஒன்றல்ல. விரலுக்கு 'இளஞ்சூடு' என்று பட்டது உள்ளே கொப்புளம் போட்டுவிடும். பூண்டுச் சாறு சூடில்லாவிட்டாலும் தோலை எரிக்கும். பட்ஸ் ஏற்கெனவே தோலை உரசியிருக்கிறது. அதன்மேல் பூண்டு பட்டால் புண்தான்.

ஜூலை 6, இரவு 8.30

மெடிக்கலில் கொடுத்த குப்பியின் லேபிளைப் படித்துப் பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பல குறும்பிச் சொட்டுகளில் ஒரே கலவைதான் இருக்கும்: பாராடைக்ளோரோபென்சீன் 2 சதவீதம், பென்சோகெய்ன் 2.7, குளோர்பியூட்டால் 5, டர்பன்டைன் எண்ணெய் 15. பென்சோகெய்ன் மரத்துப்போகச் செய்யும். டர்பன்டைன் குறும்பியை இளக்கும், கீறல்பட்ட தோலில் பட்டால் சுரீர் என்று எரிக்கும். செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்களுக்கு இந்த மருந்து கூடவே கூடாது.

அப்பாவுக்கு இன்றைக்குத் தேவை அந்த வீரியம் அல்ல. சுத்தமான ஆலிவ் எண்ணெய் மெடிக்கலிலேயே சின்னக் குப்பியில் கிடைக்கும், அது போதும். பாதாம் எண்ணெயும் பயன்படுத்துகிறார்கள். கொட்டை வகை ஒவ்வாமை இருப்பவர்கள் தவிர்க்க வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பாய்வு பலவகைச் சொட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தது. ஒன்றைவிட மற்றொன்று மேல் என்று காட்ட ஆதாரம் கிடைக்கவில்லை, வெறும் தண்ணீரையும் உப்புநீரையும் சேர்த்துத்தான். ஆகவே எரிக்காததைத் தேர்ந்தெடுப்பதே புத்தி.

விடும் முறை: குப்பியை உள்ளங்கையில் ஐந்து நிமிடம் பொத்திப் பிடித்தால் உடல் சூட்டுக்கு வந்துவிடும். அடுப்பு வேண்டாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, காது மடலை மேலும் பின்னும் இழுத்தால் குழாய் நேராகும். குழாயின் ஓரச் சுவரில் வழிந்து இறங்கும்படி 2, 3 சொட்டு விடுங்கள். நட்ட நடுவில் விட்டால் காற்று அடைத்துக்கொண்டு எண்ணெய் மேலேயே நிற்கும். காதுக்கு முன்னால் உள்ள சின்னக் குருத்தை விரலால் மெல்ல நாலைந்து தடவை அமுக்குங்கள், காற்று வெளியேறி எண்ணெய் உள்ளே போகும். ஐந்து முதல் பத்து நிமிடம் அப்படியே படுத்திருக்கட்டும். எழுந்ததும் வழிவதைத் துணியால் துடைக்கலாம். பஞ்சு அடைக்கக் கூடாது, விட்ட எண்ணெயைப் பஞ்சு உறிஞ்சிவிடும். ஒரு நாளைக்கு 3 அல்லது 4 வேளை, 3 முதல் 5 நாள்.

முதல் இரண்டு நாள் அடைப்பு கூடியதுபோலத் தெரியும். கட்டி இளகி ஊதுகிறது. அதைப் பார்த்துப் பயந்து மறுபடி குடையாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஜூலை 7, காலை 7.00

இரவெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது, இதைத் தனியாக எழுத வேண்டும். அப்பாவுக்குச் சுகர். எண்ணெய் விடுவதோடு வீட்டு வேலை முடிந்தது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதை அவருக்கு வீட்டில் செய்யக் கூடாது.

சுகர் உள்ள வயதானவர்களுக்கு வெளிக்காதுத் தொற்று தோலோடு நிற்காமல் எலும்புக்குள் இறங்கும் ஆபத்து உண்டு. பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா செய்கிற வேலை. குழாய்த் தண்ணீரால் காதைக் கழுவிய பிறகு இது வந்த சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. இரவில் தூங்கவிடாத காது வலி, சீழ், தாடை அசைத்தால் வலி, முகம் ஒரு பக்கம் கோணுவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. 'மருந்து விட்டோமே, பார்க்கலாம்' என்று இருக்கவே கூடாது.

வேறு யாரெல்லாம் தண்ணீர் வைத்துக் கழுவக் கூடாது என்றால்: செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள், காதில் ஆபரேஷன் ஆனவர்கள், செவிப்பறையில் குரோமெட் என்ற சின்னக் குழல் வைத்த பிள்ளைகள், இப்போது வலியோ சீழோ உள்ளவர்கள், அண்ணப் பிளவு (வாயின் மேல் அண்ணத்தில் பிளவு) உள்ளவர்கள், ஒரே ஒரு காதில் மட்டும் கேட்பவர்கள்.

ஜூலை 7, மாலை 6.40 (ஆரியங்காவிலிருந்து ஒரு வாசகர்)

இங்க வைத்தியசாலையில எண்ணெய் நிரப்பி கர்ணபூரணம் செய்றாங்களே, அதுல குறும்பி வெளிய வந்துருமா?

ஜூலை 7, 7.30

கர்ணபூரணத்தில் காதை எண்ணெயால் நிரப்பிச் சிறிது நேரம் வைத்திருந்து வடிப்பார்கள். குறும்பி இளகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண்ணெய் விடுவதற்கு முன் செவிப்பறையை ஓட்டோஸ்கோப் (காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவி) வைத்துப் பார்த்தார்களா என்பதைக் கேட்டுத்தான் போக வேண்டும். ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் இறங்கிவிடும்.

இன்னொன்று, மலையடிவார மழைக்காலத்தின் ஈரம். எண்ணெய், ஈரம், வெதுவெதுப்பு மூன்றும் மூடிய குழாயில் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். ஆஸ்பெர்ஜிலஸ், கேண்டிடா இரண்டும் அடிக்கடி பார்க்கிறவை. தாங்க முடியாத அரிப்பு, அடைப்பு, நனைந்த காகிதம் போல வெள்ளைப் படலம், அதில் கறுப்புப் புள்ளி என்றால் அது குறும்பி இல்லை. அதற்குமேல் எண்ணெய் விட்டால் வளர்த்துவிடுவோம். வாராவாரம் எண்ணெய்க் குளியலின்போது காதுக்குள்ளும் இரண்டு சொட்டு விடும் பழக்கம் உள்ளவர்கள் சாரல் மாதங்களிலாவது அதை நிறுத்தி வையுங்கள்.

ஜூலை 8, காலை 10.10

ஆப்ப சோடா பற்றி ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே சொல்கிறேன். சோடியம் பைகார்பனேட் 5 சதவீதக் கரைசல் குறும்பியை உடைத்துக் கரைக்கும். எண்ணெய் வெறுமனே இளக்கும். மெடிக்கலில் தயாராக வாங்குவதே நல்லது. வீட்டில் செய்வதென்றால் கொதித்து ஆறிய 100 மில்லி தண்ணீரில் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா. அன்றன்றைக்குக் கலக்கி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். தொடர்ந்து விட்டால் தோலை வறட்டும், மூன்று நான்கு நாளுக்கு மேல் போகாதீர்கள்.

மளிகைக் கடையில் 'சோடா' என்று மட்டும் கேட்டுச் சலவை சோடாவை வாங்கி வந்துவிடக் கூடாது. அது சோடியம் கார்பனேட், காதுத் தோலை அரித்துவிடும். பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படித்த பிறகே கரையுங்கள்.

ஜூலை 8, 10.25

ஹைட்ரஜன் பெராக்சைடு: 3 சதவீதத்துக்கு மேல் கூடாது, அதையும் சம அளவு தண்ணீர் கலந்து. நுரைத்துச் சடசடவென்று சத்தம் வரும். புண் இருந்தால் எரியும். எண்ணெயே போதும் என்பது என் அபிப்பிராயம்.

ஜூலை 9, மாலை 5.00

சுகர் இல்லாத, காது ஆரோக்கியமான பெரியவர்கள் வீட்டில் கழுவுவது எப்படி என்று இரண்டு பேர் கேட்டார்கள். மூன்று நாளாவது எண்ணெய் விட்டு இளக்கிய பிறகே இது.

ரப்பர் பல்பு சிரிஞ்சு வாங்குங்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், 37 டிகிரி. மணிக்கட்டின் உள்பக்கம் விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. சூட்டில் ஏழெட்டு டிகிரி வித்தியாசம் இருந்தாலே உள்காதின் சமநிலைக் குழாயில் உள்ள திரவம் ஓட ஆரம்பித்துத் தலை கிறுகிறுக்கும், வாந்தி வரும். ஆகவே நின்றுகொண்டு செய்யாதீர்கள், உட்கார்ந்தே செய்யுங்கள்.

மடலை மேலும் பின்னும் இழுத்து, முனையைக் காது வாசலில் மட்டும் வைத்து, நீரைக் குழாயின் மேல் பின் சுவரை நோக்கி மெல்ல விட வேண்டும். தண்ணீர் கட்டிக்கு மேலே உள்ள இடைவெளியில் புகுந்து பின்னாலிருந்து அதைத் தள்ளிக்கொண்டு வரும். நேராக நடுவில் அடித்தால் கட்டி இன்னும் உள்ளே போகும். முனையை இறுக்கி வாசலை அடைத்துவிட்டால் அழுத்தம் முழுவதும் செவிப்பறைமேல் விழும், தண்ணீர் திரும்பி வர வழி இருக்க வேண்டும். வலித்தாலோ சுற்றினாலோ அந்த நொடியே நிறுத்துங்கள். இரண்டு மூன்று முறை விட்டும் வரவில்லை என்றால் மறுபடி எண்ணெய்க்குப் போக வேண்டும், வேகத்தைக் கூட்டக் கூடாது. வெளியே வந்த பிறகு தலையைச் சாய்த்து வடியவிட்டு, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு கை தூரத்தில் பிடித்து உலர்த்தலாம்.

ஜூலை 11, மதியம் 1.20 (கேட்டவர்)

அண்ணாச்சி, அஞ்சு நாள் ஆலிவ் எண்ணெய் விட்டோம். கொஞ்சம் வந்துச்சு, முழுசா வரல. நாளைக்குத் தென்காசியில காது டாக்டர்கிட்ட போறோம். என்ன செய்வாங்க?

ஜூலை 11, 2.00

முதலில் ஓட்டோஸ்கோப் வைத்து என்ன கிடக்கிறது என்று பார்ப்பார்கள். 'சுகர் இருக்கிறது, பட்ஸ் பயன்படுத்தினோம், இத்தனை நாள் எண்ணெய் விட்டோம்' என்ற மூன்றையும் நீங்களே சொல்லிவிடுங்கள். இரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அதையும் சொல்ல வேண்டும், குழாயில் சின்ன உரசல் பட்டாலும் இரத்தம் நிற்க நேரமாகும்.

அப்பாவுக்கு ஏற்றது மைக்ரோசக்‌ஷன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே மெல்லிய குழலால் உறிஞ்சி எடுப்பார்கள். தண்ணீர் கிடையாது. காதுக்குள் இரைச்சல் பலமாக இருக்கும், குளிர்ந்த காற்று பட்டுச் சிலருக்கு லேசாகச் சுற்றும். அதை முன்கூட்டியே அப்பாவிடம் சொல்லி வையுங்கள், திடுக்கிட்டுத் தலையை ஆட்டினால்தான் ஆபத்து. வாசல் பக்கம் கெட்டியாக இருந்தால் கொக்கியோ வளையக் கம்பியோ வைத்து உருட்டி எடுப்பார்கள். இருமல் வந்தால் பயப்பட வேண்டாம். காதுக் குழாயில் வேகஸ் நரம்பின் ஒரு கிளை ஓடுகிறது, அதைத் தொட்டால் சிலருக்கு இருமல் கிளம்பும். காரணம் தெரியாத வறட்டு இருமலுக்குக் காதையும் பார்ப்பது இதனால்தான்.

ஜூலை 12, மாலை 4.45 (கேட்டவர்)

எடுத்தாச்சு! பத்து நிமிசம்கூட ஆகல. டாக்டர் காட்டுனாங்க. நிலக்கடலை அளவுல கருப்பா ஒரு கட்டி, ஒரு பக்கம் மழுமழுன்னு செவிப்பறையில ஒட்டி இருந்த மாதிரி, மறுபக்கம் பட்ஸ் பஞ்சு நூல் நூலா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அப்பா வெளிய வந்ததும் ஆட்டோ சத்தத்துக்கு முகம் சுளிக்கிறாங்க.

ஜூலை 12, 5.30

ரொம்ப சந்தோஷம் தம்பி. சத்தம் காதைக் குத்துவது போலிருப்பது கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். அந்த மழுமழுப்புப் பக்கம் பல மாதமாகத் தள்ளித் தள்ளிச் செவிப்பறையோடு அழுந்திய பக்கம். பஞ்சு நூல் ஒட்டிய பக்கம் பட்ஸின் வேலை.

குழாய்த் தோல் இப்போது வெறுமையாக இருக்கும். ஒரு வாரம் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சைக் காது வாசலில் வைத்து, முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். அருவிக்கு இந்தச் சீசனில் போக வேண்டாம். அடுத்த தடவை போனாலும் பேரருவியின் வீச்சு நேராகக் காதில் விழாமல் முதுகைக் காட்டி நிற்கட்டும்.

ஜூலை 14, காலை 8.15

சில்லறை விஷயங்கள், மறப்பதற்குள்.

சாவி, ஊக்கு, தீக்குச்சி, கோழி இறகு எதுவும் காதுக்குள் போகக் கூடாது. கோழி இறகு மென்மையானது என்று நம்புகிறார்கள். அதன் காம்பு தோலைக் கீறும், சுத்தமும் கிடையாது. திருவிழாக்களில் காது குடைந்து கல் எடுத்துக் காட்டுகிறவர்களிடம் உட்கார வேண்டாம். ஒரே கம்பி எத்தனை காதுக்குப் போனதோ. காதில் கல் ஊறாது.

மெழுகுக் குழாயைக் காதில் நட்டுக் கொளுத்தும் வித்தை ஆன்லைனில் விற்கிறது. 1996இல் சோதித்துப் பார்த்தவர்கள் அது எதையும் உறிஞ்சுவதில்லை, மிஞ்சும் பழுப்புப் பொடி மெழுகிலிருந்தே வருகிறது என்று காட்டினார்கள். தீக்காயம்தான் மிச்சம். கேமரா வைத்த காதுக் கரண்டியும் வேண்டாம். திரையில் ஆழம் தெரியாது, யாராவது கையைத் தட்டினால் செவிப்பறை போச்சு.

காதில் தொந்தரவு எதுவும் இல்லை, குறும்பி மட்டும் தெரிகிறது என்றால் எடுக்க வேண்டியதே இல்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2017 வழிகாட்டியும் அதையே சொல்கிறது.

ஜூலை 14, 9.00

குழந்தைகளை விட்டுவிட்டேன். குளிப்பாட்டிய பிறகு காதில் எண்ணெய் விடுவது, தாய்ப்பால் பீய்ச்சுவது, வாயால் ஊதுவது மூன்றையும் நிறுத்த வேண்டும். துண்டின் ஓரத்தால் மடலைத் துடைத்தால் போதும். டாக்டர் சொல்லிச் சொட்டு விடும்போது சின்னப் பிள்ளைகளுக்கு மடலைக் கீழும் பின்னும் இழுக்க வேண்டும், பெரியவர்களுக்குச் செய்வதற்கு நேர்மாறு.

பிள்ளை காதில் பயறு, புளியங்கொட்டை போட்டுவிட்டால் தண்ணீரோ சொட்டோ விடாதீர்கள், ஊறிப் பெருத்துவிடும். பட்டன் பேட்டரி என்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது, எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரி. மழைக்கு ஈசல், வண்டு புகுந்தால் மட்டும் சூடில்லாத தேங்காய் எண்ணெய் சில சொட்டு விட்டு அதைச் சாகவிட்டு, பிறகு டாக்டரிடம் எடுக்கலாம். உயிரோடு பிடுங்கப் போனால் உள்ளேதான் ஓடும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் இந்த எண்ணெயும் கிடையாது.

ஜூலை 20, இரவு 9.10

காது மெஷின் வைத்திருக்கும் பெரியவர்களின் வீட்டாருக்கு. மெஷின் கீச்சென்று விசில் அடித்தாலோ, திடீரென்று சத்தம் குறைந்தாலோ பேட்டரியை மாற்றுவதற்கு முன் காதையும் முனையையும் பாருங்கள். குறும்பியில் மோதித் திரும்பும் ஒலிதான் பல சமயம் அந்த விசில். முனையில் உள்ள சின்ன வெள்ளை வடிகட்டியைக் கம்பெனி கொடுத்த குச்சியால் மாற்றலாம். ஊசியால் குத்தினால் ஸ்பீக்கர் ஓட்டையாகும். மெஷின் குழாயை அடைத்துக்கொண்டே இருப்பதால் குறும்பி வெளியேற வழியில்லை, அதனால் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை காதைக் காட்ட வேண்டும். எண்ணெய் விடுகிற நாட்களில் இரவில் விட்டு, காலையில் வாசலைத் துடைத்த பிறகு மெஷினை மாட்டுங்கள். எண்ணெய் வடிகட்டியை அடைத்துவிடும்.